'ஜஸ்ட் மிஸ்'னு சொல்றப்போ உஷாரா இருங்க

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. டென்னிஸ் பேசப் போறோம். பயப்படாதீங்க, சுத்தி வந்து கடைசியில உங்க சம்பள அக்கவுண்ட்லதான் நிப்போம்.

2019 ஜூலை 14, ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஊரே கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல் பார்த்துக்கிட்டிருந்துச்சு. நான் மட்டும் செஞ்சி பக்கத்துல சிங்கவரத்துல, எங்க வீட்டுல, அப்பாவோட உட்கார்ந்து விம்பிள்டன் ஃபைனல் பார்த்துக்கிட்டிருந்தேன். ஃபெடரருக்கும் ஜோகோவிச்சுக்கும் அஞ்சாவது செட். ஸ்கோர் 8–7. ஃபெடரர் சர்வீஸ், 40–15. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தா கோப்பை அவருக்கு. அதுக்கு ரெண்டு வாய்ப்பு இருந்துச்சு. 37 வயசு மனுஷன், 21வது கிராண்ட்ஸ்லாம். நான் எழுந்தே நின்னுட்டேன்.

ரெண்டு வாய்ப்பும் போச்சு. 12–12 வரைக்கும் இழுத்து, டைபிரேக்ல ஜோகோவிச் ஜெயிச்சார். மொத்தம் 4 மணி 57 நிமிஷம். ஆட்டம் முடிஞ்சதும் கணக்கைப் பார்த்தா வயிறு எரியுது: ஃபெடரர் எடுத்த பாயிண்ட் 218, ஜோகோவிச் எடுத்தது 204. அதாவது 14 பாயிண்ட் அதிகமா எடுத்தவர் தோத்துட்டார்.

"விடுடா, அடுத்த வருஷம் விம்பிள்டன் வராமலா போயிடும்?"னு சொல்லிட்டு அப்பா தூங்கப் போயிட்டார்.

அடுத்த வருஷம் விம்பிள்டன் வரவே இல்லை. கொரோனாவால 2020ல போட்டியே ரத்து. 2021ல கால் இறுதியில ஹுர்காஸ்கிட்ட நேர் செட்ல தோல்வி, கடைசி செட் 6–0. 2022 செப்டம்பர்ல ஃபெடரர் ஓய்வு பெற்றுட்டார். மூணு வருஷம் நான் வெச்சிருந்த நம்பிக்கை பலிக்கவே இல்லை.

சரி, அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை எவ்வளவு? ஒரு பைசா இல்லை. ஒரு ராத்திரி தூக்கம், அவ்வளவுதான்.

ஆனா அதே மாதிரி இன்னொரு நம்பிக்கைக்கு நான் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி அப்பாவோட கதையைச் சொல்லிடறேன்.

அப்பாவோட மூணு தோல்விகள்

அப்பா விஜய் அமிர்தராஜ் ரசிகர். நம்மள்ல பல பேருக்கு அவர் டிவி கமெண்டேட்டராத்தான் தெரியும். எழுபதுகள்ல அவர் மெட்ராஸ்ல இருந்து போய் விம்பிள்டன் புல்தரையில உலகத்தோட பெரிய ஆட்டக்காரங்களை மிரட்டினவர்.

1973. விஜய்க்கு வயசு 19. விம்பிள்டன் கால் இறுதி, எதிர்ல செக்கோஸ்லோவாக்கியாவோட யான் கோடெஷ். ஆட்டம் அஞ்சு செட்டுக்குப் போச்சு. கடைசி செட் 7–5னு கோடெஷ் ஜெயிச்சார். அந்த வருஷம் கோப்பையை வாங்கினதும் அதே கோடெஷ்தான்.

1979. ரெண்டாவது சுற்று. எதிர்ல பியோர்ன் போர்க், அதுக்கு முந்தைய மூணு வருஷமும் தொடர்ந்து சாம்பியன். விஜய் ரெண்டுக்கு ஒண்ணுன்னு செட் கணக்குல முன்னாடி இருந்தார். நாலாவது செட் டைபிரேக் வரைக்கும் போச்சு. அதை எடுத்திருந்தா போர்க் ரெண்டாவது சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். எடுக்கல. 2–6, 6–4, 4–6, 7–6, 6–2. அந்த வருஷமும் கோப்பை போர்க்குக்கு.

1981. மறுபடி கால் இறுதி. எதிர்ல ஜிம்மி கானர்ஸ். முதல் ரெண்டு செட்டும் விஜய்க்கு: 6–2, 7–5. இன்னும் ஒரே ஒரு செட். அடுத்த மூணையும் கானர்ஸ் எடுத்துட்டார்: 6–4, 6–3, 6–2. அடுத்த சுற்றுல நடந்ததுதான் வேடிக்கை. அரை இறுதியில கானர்ஸ் போர்க்குக்கு எதிரா ரெண்டு செட் முன்னாடி இருந்து, அதே மாதிரி மூணு செட்டை விட்டுத் தோத்தார்.

இந்த மூணு ஆட்டத்தையும் அப்பா இன்னைக்கும் செட் செட்டா ஒப்பிப்பார். "ஜஸ்ட் மிஸ்டா"ன்னுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பார். விஜய் அமிர்தராஜ் விம்பிள்டன் ஒற்றையர் கோப்பையை வாங்கவே இல்லை. ஆனா அந்த நம்பிக்கையால அப்பாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மறுநாள் பேப்பர் வாங்கின காசோட சரி.

என்னோட ஜஸ்ட் மிஸ்

இப்போ என் கதை. 2021. சென்னையில வேலை, கையில வர்ற சம்பளம் 32,000. ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் ஆப்ஷன்ஸ் ஆப் ஒண்ணைக் காட்டினார். ஒரு வியாழக்கிழமை காலையில பேங்க் நிஃப்டி கால் ஆப்ஷன், அன்னைக்கே எக்ஸ்பைரி, 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். மத்தியானம் 2 மணிக்கு அது 21,000 ஆச்சு. விக்கல. இன்னும் ஏறும்னு உட்கார்ந்திருந்தேன். 3:30 மணிக்கு நான் வாங்கின ஸ்டிரைக்குக்குக் கொஞ்சம் கீழே இண்டெக்ஸ் முடிஞ்சது. கையில வந்தது பூஜ்யம்.

அன்னைக்கு ராத்திரி என்ன தோணுச்சுன்னு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. "8,000 போச்சே"ன்னு தோணல. "13,000 லாபம் ஜஸ்ட் மிஸ்"னுதான் தோணுச்சு. அதாவது தோத்தவன் மாதிரியே நான் யோசிக்கல. கிட்டத்தட்ட ஜெயிச்சவன் மாதிரி யோசிச்சேன். வித்தை கைக்கு வந்துடுச்சு, டைமிங் மட்டும்தான் பிசகுனு நெனச்சேன்.

அடுத்த வாரம் 15,000 போட்டேன். ஒரு வாரம் 11,000 லாபம்கூட வந்துச்சு. அந்த லாபம்தான் என்னை முழுசா கவுத்துச்சு. நாலாவது வாரம் சேமிப்பு காலி. அஞ்சாவது வாரம் போன்லயே ஒரு லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். வட்டி 16 சதவீதம், 24 மாசம், மாசத் தவணை 4,900 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஏழாவது வாரம் முடிஞ்சப்போ மொத்த நஷ்டம் 1,40,000.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. முதல் வாரம் என் ஆப்ஷன் காலையிலேயே படுத்திருந்தா, "நமக்கு இது செட் ஆகாது"ன்னு அன்னைக்கே ஆப்பை அழிச்சிருப்பேன். 8,000 ரூபாயோட தப்பிச்சிருப்பேன். மயிரிழையில தோத்ததுதான் என்னை உள்ளே இழுத்துச்சு. சூதாட்டத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற உளவியல்காரங்க இதை 'நியர் மிஸ்'னு சொல்றாங்க. ஸ்லாட் மெஷின்ல மூணு படத்துல ரெண்டு சேர்ந்து, மூணாவது ஒரு இடம் தள்ளி நின்னா, ஆடறவனுக்கு நிறுத்தத் தோணாது. இன்னொரு தடவை இழுக்கத்தான் தோணும். மோசமா தோத்தவன் எழுந்து போயிடுவான். கிட்ட வந்து தோத்தவன் போகமாட்டான்.

நான் மட்டும் இல்லைங்க. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓ ஆடின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. நஷ்டப்பட்டவங்களோட சராசரி, செலவெல்லாம் சேர்த்து, ஆளுக்குச் சுமார் 2 லட்சம். அதே ஆய்வுல இன்னொரு எண் இருக்கு. எனக்கு அதுதான் முக்கியம்: தொடர்ந்து நஷ்டப்பட்டவங்கள்ல 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவங்க அப்புறமும் ஆட்டத்தை விடல. அடுத்த வருஷக் கணக்கும் வந்துடுச்சு. 2025 நிதியாண்டுல 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.05 லட்சம் கோடி.

அந்த 75 சதவீதம் பேரும் முட்டாள்கள் இல்லை. ஃபெடரர் ரசிகனா நான் 2019ல வெச்சிருந்த அதே நம்பிக்கையைத்தான் அவங்களும் வெச்சிருக்காங்க. தப்பான இடத்துல வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

டென்னிஸ்ல ஓகே, பணத்துல ஏன் ஓகே இல்லை?

"சின்னர் மட்டும் திரும்பி வரலையா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஜூன் 8, பிரெஞ்சு ஓபன் ஃபைனல். அல்கராஸுக்கு எதிரா சின்னருக்கு மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட் கிடைச்சுது. மூணும் போச்சு. 5 மணி 29 நிமிஷம் ஆடித் தோத்தார். அஞ்சே வாரம் கழிச்சு, ஜூலை 13, விம்பிள்டன் ஃபைனல்ல அதே அல்கராஸை நாலு செட்ல ஜெயிச்சார். நம்பிக்கை பலிச்சுது இல்லையா?

பலிச்சுது. ஏன் பலிச்சுதுன்னு பார்க்கணும். டென்னிஸ்ல மூணு வசதி இருக்கு. உங்க ஆப்ஷன்ஸ் ஆப்ல அந்த மூணும் கிடையாது.

முதல் வசதி: எல்லாமே 0–0ல இருந்து ஆரம்பிக்கும். பாரிஸ்ல தோத்த பாயிண்ட்டை லண்டன்ல சின்னரோட ஸ்கோர்ல இருந்து யாரும் கழிக்கல. செட் தோத்தாலும் அடுத்த செட் 0–0. பணம் அப்படி இல்லை. போன வார நஷ்டம் இந்த வார முதல்லயே உட்கார்ந்திருக்கும். 10 சதவீதம் நஷ்டம்னா, பழைய இடத்துக்கு வர 11 சதவீதம் லாபம் வேணும். 50 சதவீதம் போனா 100 சதவீதம் லாபம் வேணும். 80 சதவீதம் போனா 400 சதவீதம். 90 போனா 900. தோக்கத் தோக்க வலை உயர்ந்துக்கிட்டே போற டென்னிஸ் கோர்ட்டை நெனச்சுப் பாருங்க. அதுலதான் நீங்க ஆடறீங்க.

ரெண்டாவது வசதி: தோத்தவருக்கும் சம்பளம் உண்டு. அந்த பிரெஞ்சு ஓபன்ல ஜெயிச்ச அல்கராஸுக்கு 25.5 லட்சம் யூரோ. மயிரிழையில தோத்த சின்னருக்கு 12.75 லட்சம் யூரோ, சரியா பாதி. நீங்க வாங்கின ஆப்ஷன் எக்ஸ்பைரி அன்னைக்கு ஸ்டிரைக்கை ஒரு பாயிண்ட்ல தவறவிட்டாலும் பூஜ்யம், ஆயிரம் பாயிண்ட்ல தவறவிட்டாலும் பூஜ்யம். 'கிட்ட வந்தேன்'ங்கறதுக்கு அங்க மதிப்பே இல்லை. நம்ம மூளை மட்டும்தான் அதுக்கு மார்க் போடுது.

மூணாவது வசதி: சின்னர் பயிற்சி எடுத்தவர். எதிராளிக்குச் சமமானவர். எஃப் அண்ட் ஓல நமக்கு எதிர்ல நிக்கறது யாரு? அதே செபி ஆய்வு சொல்லுது: 2024 நிதியாண்டுல சொந்தக் கணக்குல வியாபாரம் பண்ற நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தாங்க. அந்த லாபத்துல 95 சதவீதத்துக்கும் மேல கம்ப்யூட்டர் அல்காரிதம் வழியா வந்தது. நீங்க லஞ்ச் பிரேக்ல போனைக் கையில வெச்சுக்கிட்டு ஆடறது போர்க்கோட. அதுவும் களைச்சுப்போகாத போர்க்.

ஒரே கோட்டை, ரெண்டு ஆட்டம்

அந்த வருஷ தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். தவணை மெசேஜ் வந்தப்போ போன் அப்பா கையில இருந்துச்சு. திட்டுவார்னு நெனச்சேன். "வா, மலைக்குப் போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டார்.

எங்க சிங்கவரத்துல மலை மேல ரங்கநாதர் கோயில் இருக்கு. பாறையைக் குடைஞ்சு செஞ்ச பல்லவர் காலத்துக் குடைவரை, பள்ளிகொண்ட பெருமாள். அவரைப் பத்தி ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா சண்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உத்தரவு கேட்க இங்க வந்தாராம். பெருமாள் 'போகாதே'ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். தேசிங்கு கேட்காம போனாராம்.

கதை அப்படி. சரித்திரம் என்னன்னா, கப்பப் பாக்கித் தகராறுல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தார். தேசிங்கு ஒரு சின்னக் குதிரைப்படையோட மோதி 1714ல உயிரை விட்டார். அப்போ அவர் இருபதுகளோட தொடக்கத்துல இருந்த இளைஞர்.

அதே செஞ்சிக் கோட்டையில, அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி, சிவாஜியோட மகன் ராஜாராம் இருந்தார். மொகலாயப் படை 1690ல இருந்து ஏறக்குறைய 8 வருஷம் முற்றுகை போட்டுச்சு. கோட்டை விழப்போகுதுன்னு தெரிஞ்சதும் ராஜாராம் தப்பிச்சு மகாராஷ்டிரத்துக்குப் போயிட்டார். 1698ல கோட்டை கைவிட்டுப் போச்சு. ஆனா மராட்டியர்களோட ஆட்டம் முடியல. அதுக்கப்புறமும் பல வருஷம் சண்டை நடந்துச்சு. இன்னைக்கு யுனெஸ்கோவோட மராட்டிய ராணுவக் கோட்டைகள் பட்டியல்ல நம்ம செஞ்சியும் இருக்கு, 2025 ஜூலையில சேர்த்தாங்க.

தேசிங்கைக் குறை சொல்ல நான் யாரு? எங்க பக்கத்துல இன்னைக்கும் அவர் கதைப்பாட்டுக்குக் கண்கலங்கறவங்க இருக்காங்க. மானத்துக்காக ஒரே நாள்ல எல்லாத்தையும் வைக்கறது ஒரு ராஜாவுக்கு அழகா இருக்கலாம். வாடகையும் தவணையும் கட்டற நமக்கு ராஜாராம் வழிதான். கோட்டை போனா போகட்டும், அடுத்த ஆட்டத்துக்கு ஆள் மிச்சம் இருக்கணும்.

படியில இறங்கறப்போ அப்பா ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "விஜய் மூணு தடவை தோத்தாருடா. ஆனா ஒரு தடவையும் ராக்கெட்டை அடகு வைக்கல."

உங்க 0–0 எங்க இருக்கு?

அதுக்கப்புறம் யோசிச்சப்போதான் புரிஞ்சுது. பணத்துல 0–0 கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா? சம்பளக்காரனுக்கு ஒரே ஒரு இடத்துல இருக்கு. ஒண்ணாம் தேதி. சம்பளம் வர்ற அன்னைக்கு நமக்குப் புது செட் ஆரம்பிக்குது. போன மாசம் என்ன முட்டாள்தனம் பண்ணியிருந்தாலும், இந்த மாசம் புதுசா ஆரம்பிக்கலாம். வியாபாரிக்கோ விவசாயிக்கோ இந்த வசதி இல்லை.

கடன் வாங்கி ஆடற அன்னைக்கு அந்த 0–0ஐ நாமே வித்துடறோம். நான் 24 மாசம் ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் 0–1ல இருந்துதான் ஆரம்பிச்சேன். முடிஞ்சுபோன ஏழு வார ஆட்டத்துக்கு ரெண்டு வருஷம் பாயிண்ட் கொடுத்துக்கிட்டிருந்தேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த 4,900 ரூபாயை 24 மாசம் எஸ்ஐபி-ல போட்டு, அப்புறம் ஒரு பைசா சேர்க்காம இன்னும் 23 வருஷம் விட்டிருந்தா, வருஷத்துக்கு 12 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, சுமார் 20 லட்சம் ஆகும். 12 சதவீதம்ங்கறது அனுமானம்தான், உத்தரவாதம் இல்லை. ஆனா 'ஜஸ்ட் மிஸ்'னு நான் சொன்னதோட முழு விலை அந்த அளவுல இருக்கு.

அதனால நான் இப்போ கடைப்பிடிக்கற நாலு விதி. வேணும்னா எடுத்துக்கோங்க.

1. முதல்ல ஆறு மாசச் செலவு. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பறது, தவணை, எல்லாம் சேர்த்து ஆறு மாசத்துக்கு எஃப்டி-லயோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கட்டும். வேலை போனாலும் அடுத்த செட் ஆட ஆள் மிச்சம் இருக்கணும்னா இதுதான் வழி.

2. ஆசைக்குன்னு ஒரு தனிக் கணக்கு. டிரேடிங் ஆசை விடவே மாட்டேங்குதுன்னா, சம்பளத்துல 2 சதவீதம், அதுக்கு மேல வேண்டாம். 40,000 சம்பளம்னா 800 ரூபாய். தனி பேங்க் அக்கவுண்ட்ல வைங்க. தீர்ந்தா அடுத்த ஒண்ணாம் தேதி வரைக்கும் நிரப்பக் கூடாது. 800 ரூபாய்ல ஆப்ஷன்ஸ் ஆட முடியாதேன்னு கேட்டீங்கன்னா, ஆமா, முடியாது.

3. தோத்ததுக்கு அப்புறம் தொகையைக் கூட்டக் கூடாது. முக்கியமா, மயிரிழையில தோத்ததுக்கு அப்புறம். 'ஜஸ்ட் மிஸ்'ங்கற வார்த்தை வாயில வந்தா அன்னைக்கு ஆப்பை மூடிடுங்க. அது உங்க மூளை அடிக்கற எச்சரிக்கை மணி.

4. ஆட்டத்துக்குக் கடன் கிடையாது. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, நண்பன்கிட்ட கைமாத்து, அம்மாவோட நகை, எதுவும் கிடையாது. மத்த மூணு விதியை எப்பவாவது மீறினாலும் இதை மீறாதீங்க.

54 சதவீதம்

"அப்போ நம்பிக்கையே வைக்கக் கூடாதா?" வைங்க. எங்க வைக்கணும்னு ஃபெடரரே சொல்லியிருக்கார்.

2024 ஜூன்ல அமெரிக்காவுல டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுல பேசினப்போ அவர் தன்னோட கணக்கைச் சொன்னார். வாழ்நாள்ல 1,526 ஒற்றையர் ஆட்டம். அதுல ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனா ஜெயிச்ச பாயிண்ட் எத்தனை சதவீதம்? வெறும் 54. உலகத்தோட தலைசிறந்த ஆட்டக்காரர் கிட்டத்தட்ட ரெண்டுல ஒரு பாயிண்ட்டைத் தோத்திருக்கார்.

இந்தச் சின்ன 4 சதவீதம் எப்படிப் பெரிய வெற்றியா மாறுச்சு? ரெண்டு காரணம். ஆயிரக்கணக்கான பாயிண்ட் ஆடினார். எந்த ஒரு பாயிண்ட்டும் அவரை ஆட்டத்தை விட்டு வெளியே தூக்கிப் போடற அளவுக்குப் பெருசா இல்லை.

பங்குச் சந்தையும் இப்படித்தான். தினமும் பார்த்தா ஏறுற நாளும் இறங்குற நாளும் ஏறக்குறைய சமமாத்தான் தெரியும். சென்செக்ஸுக்கு அடிப்படை ஆண்டு 1978–79, அப்போ மதிப்பு 100. விஜய் அமிர்தராஜ் போர்க்கைக் கிட்டத்தட்ட வீழ்த்தின அதே 1979. 2024 ஜூலையில சென்செக்ஸ் முதல் தடவையா 80,000ஐத் தாண்டுச்சு. நடுவுல 2008ல 21,000ஐத் தொட்டுட்டு அதே வருஷம் 8,000க்குக் கீழே போன பயங்கரமும் உண்டு. அந்த வருஷம் கடன் வாங்கிப் போட்டவங்க அழிஞ்சாங்க. மாசாமாசம் சம்பளத்துல இருந்து சின்னத் தொகையைப் போட்டுக்கிட்டே இருந்தவங்க, கீழே கிடந்த விலையில வாங்கிட்டு மேல வந்தாங்க. இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபி-ல பெருசா ரகசியம் ஒண்ணும் இல்லை. 54 சதவீத ஆட்டத்தை 300 மாசம் ஆடறது. ஒரு மாசம் தோத்தா தூக்கம் போகாது. அந்த அளவுக்குத்தான் தொகை இருக்கணும்.

விஜய் கடைசியில என்ன பண்ணார்?

அப்பாவோட ஹீரோ கதையை முடிச்சுடறேன். விம்பிள்டன் கோப்பை கிடைக்கலைன்னு விஜய் சும்மா உட்காரல. 1985ல மெட்ராஸ்ல பிரிட்டானியாவோட சேர்ந்து ஒரு டென்னிஸ் அகாடமி ஆரம்பிச்சார். கல்கத்தாவுல இருந்து ஒரு பையன் அங்க பயிற்சிக்கு வந்தான். பேரு லியாண்டர் பயஸ். அந்தப் பையன் 1990ல ஜூனியர் விம்பிள்டன் ஜெயிச்சான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் அரை இறுதியில அகாஸிகிட்ட தோத்தார். அடுத்த ஆட்டத்துல முதல் செட்டை விட்டுட்டு, அடுத்த ரெண்டையும் எடுத்து வெண்கலம் வாங்கினார். 1952க்கு அப்புறம், 44 வருஷம் கழிச்சு, இந்தியாவுக்குக் கிடைச்ச தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. 1999ல மகேஷ் பூபதியோட சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் கோப்பையும் வந்துச்சு.

2024 ஜூலையில விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் ஒரே மேடையில சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தாங்க. சென்செக்ஸ் 80,000ஐத் தொட்ட அதே மாசம். அப்பா எனக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பேசினார். 1979 நாலாவது செட்டை மறுபடி ஒரு தடவை ஒப்பிச்சார். நான் குறுக்கே பேசல.

விஜய் நம்பிக்கையை விடல. ஆனா அதை அடுத்த ஆட்டத்து மேல பந்தயமா வைக்கல. பத்து வருஷம் கழிச்சுப் பலன் தர்ற வேலையில போட்டார். நமக்கு அகாடமி எல்லாம் வேண்டாம். ஒரு எஸ்ஐபி, ஒரு எமர்ஜென்சி ஃபண்ட், வேலைக்கு உதவற ஒரு கோர்ஸ், அது போதும்.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. டிரேடிங் ஆப் வெச்சிருக்கறவங்க அதுல ரிப்போர்ட்ஸ் பகுதிக்குப் போய், கணக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து லாப நஷ்ட அறிக்கையை டவுன்லோட் பண்ணுங்க. கடைசி வாரத்தைப் பார்க்காதீங்க, மொத்தத்தைப் பாருங்க. கட்டணம், வரி எல்லாம் கழிச்ச எண்ணை ஒரு பேப்பர்ல எழுதுங்க. நான் அதைப் பண்ணவே இல்லை. ஏழு வாரமும் என் மொத்த ஸ்கோர் என்னன்னு எனக்குத் தெரியாது. 'ஜஸ்ட் மிஸ்' ஆனது எல்லாம் மட்டும் மனப்பாடமா தெரியும்.

அந்த எண் மைனஸ்ல இருந்தா, அதைப் பார்த்துட்டு வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. எனக்கு அந்த மலைப்படியில பாதி பாரம் இறங்குச்சு. மீதி பாதி 24வது தவணையோட இறங்குச்சு.

கடன் வாங்கி டிரேடிங்ல மாட்டிக்கிட்டவங்க, எந்தக் கடனை முதல்ல அடைக்கணும், எப்படி வரிசைப்படுத்தணும்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல விளக்கமா பேசறேன். அதுவரைக்கும், உங்க ஃபேவரிட் பிளேயர் தோத்தா தாராளமா அழுங்க. அடுத்த வருஷம்னு நம்புங்க. அதுக்குக் காசு கேட்க மாட்டாங்க.

(நான் செபி-யில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. இது என் சொந்த அனுபவமும் கருத்தும் மட்டுமே. முதலீட்டு முடிவுகளை உங்கள் நிலைமைக்கு ஏற்ப யோசித்து எடுங்கள்.)